காலி நாற்காலிக்கும் ஒரு நம்பர்

நாங்கள் நான்கு பேர் சாப்பிடப் போனால், கடையில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஐந்து நாற்காலி இழுத்துப் போடுவார். மலாக்கா டவுனில் எங்கள் கடைக்கு எதிரே இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், மத்தியான நேரம் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் காத்து நிற்பார்கள். அங்கே போய் ஒன்றைக் காலியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கடைக்காரர் முறைக்காமல் என்ன செய்வார்?

"யாருக்கா வராங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"தெரியல லா. வந்தா எங்க உக்காருவாங்க?"

யாரும் வந்ததில்லை. பொய் சொல்லக் கூடாது, ஒரே ஒரு தடவை தெருவில் செய்தித்தாள் விற்கும் சீனக் கிழவர் வந்து உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். அன்று முழுக்க அக்கா என்னை 'பாத்தியா' என்று பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை.

படம் எடுப்பது, கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது, லேமினேட் போடுவது என்று எல்லாம் செய்யும் கடை எங்களுடையது. நான் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. டிப்ளோமாவுக்கு அப்போது ஒரு மவுசு இருந்தது, அந்த மவுசு என் தலையிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. அக்காவோ பள்ளிக்கூடத்தில் ஆறாம் படிவத்தைக்கூட எட்டிப் பார்க்காதவர். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஆப்பரேட்டராக இருந்துவிட்டு வந்தவர். குள்ளம். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, காதில் செருகிய பேனா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு கண்ணாடி, மூக்கில் இன்னொன்று. வயது நாற்பது இருக்கலாம். கல்யாணம் ஆனவரா என்று கேட்க எனக்குக் கடைசி வரை தைரியம் வரவில்லை.

கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று அக்காவுடையது மாதிரி. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு, அதை முழுக்க மாற்றி வைத்திருந்தார். படம் இல்லை, பொத்தான் இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். பாஸ் அதற்குக் கறுப்புப் பேய் என்று பெயர் வைத்திருந்தார். வாடிக்கையாளர் பார்த்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள் என்று சொல்லி அந்தத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

தொழிற்சாலையில் இயந்திரங்களை ஓட்டிய கம்ப்யூட்டர்களும் இந்த மாதிரி கறுப்புத் திரைதானாம். இஞ்சினியர் தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்து, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி எழுதியே கற்றிருக்கிறார். அந்த நோட்டை ஒரு நாள் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். கட்டளைகள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருந்தன. 'ஃபார் ஐ இன்' என்று எழுதி, பக்கத்தில் 'ஒவ்வொண்ணா வா' என்று குறிப்பு. 'எம்வி' என்று எழுதி, 'பேரை மாத்து, ஆளை மாத்தாதே'. சிரிப்பு வந்தது. அதோடு, டிப்ளோமாவில் எனக்கு விளங்காத ஒன்று அந்த இரண்டாவது குறிப்பில் விளங்கியது. அதை அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

படங்களுக்கு வரிசையாகப் பெயர் வைப்பதற்கு அவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சின்ன ப்ரோகிராம், மொத்தம் பன்னிரண்டு வரி இருக்கும். அதை ஓடவிடும்போது ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி கூடவே முணுமுணுப்பார்.

"வா. உன் நம்பர் என்னா? ஏழா? வெறும் ஏழா வந்தா எப்புடி, முன்னுக்கு ரெண்டு சைபர் போட்டுக்க. போ உள்ள. அடுத்த ஆளு."

"எதுக்குக்கா ரெண்டு சைபர்?"

"போடலன்னா பத்து வந்து ரெண்டுக்கு முன்னுக்கு நிக்கும். கம்ப்யூட்டருக்கு வரிசைல நிக்கத் தெரியாது தங்கச்சி. முதல் எழுத்தப் பாத்துட்டு முட்டித் தள்ளும்."

சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் மாட்டார். "எனக்குச் சொல்லிக் குடுக்க வராது, பாக்கணும்னா பாத்துக்க" என்று நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொள்வார். நானும் வீம்புக்குப் பார்க்காமல் இருந்தேன்.

அந்தச் சைபர்கள் திரையோடு நிற்கவில்லை. கடையின் மைலோ டின், குடை, சாவி எல்லாவற்றிலும் 001, 002 என்று சீட்டு ஒட்டியிருக்கும். மூன்றாம் நம்பர் குடை தொலைந்துபோய்ப் புதுக் குடை வாங்கியபோது, பாஸ் அதற்கு மூன்று என்று எழுதப் போனார். அக்கா தடுத்துவிட்டார்.

"அது வேற குடை பாஸ். இதுக்கு ஏழு போடுங்க."

"மூணு காலியா இருக்கே?"

"இருக்கட்டும். திரும்பி வந்தா என்னா பண்ணுவீங்க?"

குடை எங்கே திரும்பி வரும்? ஆனால் கடையில் குடைகள் 001, 002, 004 என்று 007 வரை தொங்கின.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை கேட்டு இரண்டு பதில் வாங்கினேன். முதல் தடவை, தொழிற்சாலைத் தட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு தட்டில் பன்னிரண்டு குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு சாமான். ஒன்று குறைந்தால் அந்தக் குழியைக் காலியாக விட வேண்டும், அடுத்ததை நகர்த்தி வைத்தால் தட்டு முழுக்கத் தப்பாகிவிடும். அவ்வளவுதான், பழக்கதோஷம் என்றார். அடுத்த தடவை லேமினேட் இயந்திரம் சூடாகிற வரைக்கும் சும்மா நின்றுகொண்டிருந்தோம், அப்போது வேறு கதை வந்தது.

"எங்க தோட்டத்துல பெரட்டுக்கு, வேலை வாங்கற மண்டோர் பேர் கூப்புடுவாரு. அன்னிக்கு எங்கப்பாவுக்குக் கால்ல முள்ளு. நொண்டி நொண்டி வராரு, நான் பாக்கறேன், ரோட்டுல வந்துகிட்டுத்தான் இருக்காரு. 'வராரு ஐயா, வராரு'ன்னு கத்தறேன். மண்டோர் பேர் மேல கோடு போட்டுட்டாரு. கோடு போட்டா போட்டதுதானாம், அன்னிக்கு வேலையும் இல்ல, கூலியும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மெஷின் சூடாயிருச்சு. அட்டையக் குடு."

இந்த இரண்டில் எது உண்மையான காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் பக்கத்திலேயே வீடு கட்டித் தருவதாக ஏற்பாடு. எந்த வீடு யாருக்கு என்று சனிக்கிழமை சீட்டுக் குலுக்கப் போகிறார்கள். வீட்டுக்கு ஒருவர், படம் ஒட்டிய கார்டோடு வர வேண்டும். கார்டு இல்லாதவருக்குச் சீட்டு இல்லை, சீட்டு இல்லாதவருக்கு வீடும் இல்லை. அந்தக் கார்டு அடிக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. குடியிருப்பாளர் குழுவின் தலைவர் லய வீட்டு நம்பர்படி அறுபத்திரண்டு பெயர் எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குலுக்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போகாமல் பாஸின் வேனில் தோட்டத்துக்குப் போய், பட்டியல் வரிசைப்படி ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் எடுத்து வந்தார். எனக்கு அன்று உறவில் ஒரு கல்யாணம், நான் போகவில்லை. கடையில் அப்போது புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தோம். வயிற்றில் பிளாப்பியை விழுங்கிக்கொள்ளும் கேமரா. ஒரு பிளாப்பியில் பதினைந்து, இருபது படம்தான் கொள்ளும். அடுத்த பிளாப்பியைப் போட்டால் பழையதை மறந்துவிட்டுத் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணும். நான்கு பிளாப்பி என்றால் நான்கு ஒன்று, நான்கு இரண்டு. அவற்றை ஒரே வரிசையாக்கி 001 முதல் பெயர் வைக்க அக்காவின் ஸ்கிரிப்ட் இருந்தது. பிறகு பட்டியலில் ஒன்றாம் பெயருக்கு 001, இரண்டாம் பெயருக்கு 002 என்று கார்டில் படம் தானாகப் போய் உட்காரும்.

திங்கட்கிழமை அக்கா வரவில்லை. பெம்பானில் இருந்த அவருடைய தங்கைக்கு உடம்பு முடியவில்லை, மூன்று நாள் விடுப்பு. பாஸ் வேலையை என்னிடம் தள்ளினார்.

பிளாப்பிகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி, முன்னால் நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எடுத்திருந்தார். முகம், முகம், முகம். நடுவில் ஒரு படத்தில் நாற்காலி மட்டும். ஆளே இல்லை. அக்காவின் நாற்காலிக் கிறுக்கு தோட்டம் வரைக்கும் போய்விட்டதே என்று சிரித்துக்கொண்டே அதை அழித்தேன். அக்காவின் கறுப்புத் திரையில் ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினேன், ஓடியது. 001 முதல் 061 வரை பிசிறில்லாமல் பெயர் விழுந்தது. அறுபத்திரண்டாம் பெயருக்குப் படம் இல்லை. யாரோ ஒருவர் வரவில்லை, அது இவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அறுபத்தோரு கார்டும் அடித்து, சூட்டோடு சூடாக லேமினேட் போட்டு, அறுபத்திரண்டாம் ஆள் கம்ப்யூட்டரில் இல்லை என்று சொல்லிப் புதன்கிழமை தலைவரிடம் கொடுத்தேன். மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்துவிட்டேன் என்று பாஸ் எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் காச்சாங் வாங்கித் தந்தார்.

வியாழக்கிழமை காலையில் அக்கா வந்தார். பசியாறக்கூட இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நேரே மற்ற கம்ப்யூட்டரில் கடைசிப் படத்தைத் திறந்தார். அது அவருடைய வழக்கம், முதல் படத்தைப் பார்க்க மாட்டார், கடைசியைத்தான் பார்ப்பார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். படத்தின் பெயர் 061.

"இவரு அறுவத்திரண்டு. கடைசி வீடு. கொடைய வச்சிட்டு வாங்கன்னா கேக்க மாட்டேன்னாரு." திரும்பி என்னைப் பார்த்தார். "நாற்காலி எங்க?"

"எந்த நாற்காலி?"

"பதினேழு."

 என் வாயில் வந்தது பொய்தான். "கேமரால சரியா ஏறலக்கா போல."

 அக்கா கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். மூக்கில் இருந்ததைக் கழற்றவே இல்லை, இரண்டு கண்ணாடி வழியாகவும் பார்த்தார். பிறகு பாஸிடம் வேன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கேமராவையும் எடுத்துக்கொண்டு, "வா" என்றார்.

பதினேழாம் வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம் என்று மலாக்கா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அடுத்த ஆளை உட்காரச் சொன்னார் தலைவர். பதினெட்டாம் வீட்டுக்காரர் பாதி உட்கார்ந்தும் விட்டாராம். அக்கா அவரை எழுப்பி விட்டுவிட்டு, காலி நாற்காலியை ஒரு படம் எடுத்திருக்கிறார். பேய்க்கும் கார்டு அடிக்கிறாங்க லா என்று ஊரே சிரித்ததாம். அந்தப் படத்தைத்தான் நான் அழித்தேன். அழித்ததும் பதினெட்டின் முகம் பதினேழாம் பெயருக்கு நகர்ந்துவிட்டது, பத்தொன்பதின் முகம் பதினெட்டுக்கு. இப்படியே கடைசி வரை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அக்கா வேன் ஓட்டிக்கொண்டே கோபமில்லாமல் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கேமரா இல்லக்கா. நான்தான் அழிச்சேன்."

"தெரியும்" என்றார், கியரை மாற்றிக்கொண்டே.

தோட்டத்தில் கலவரமாக இருக்கும், என்னைப் பார்த்ததும் பிய்த்து எடுத்துவிடுவார்கள் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். போய்ப் பார்த்தால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதுதான் இன்னும் பயங்கரம். தலைவர் கார்டுகளை மண்டபத்து மேசையில் பரப்பி வைத்தாராம். ஆளாளுக்கு வந்து அவரவர் முகம் இருந்த கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர்களில் பலருக்கு ரோமன் எழுத்து வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெயர் தப்பாக இருக்கிறது என்று சொல்லத்தான் செய்திருக்கிறார்கள். யார் கேட்டார்கள்?

"நம்ம பேர எந்த ஆபீஸ்ல லா சரியா போட்டிருக்கான்?" என்றார் பதினெட்டாம் வீட்டுக்காரர். "என் ஐசி கார்டுல ஒரு மாதிரி, பொறந்த சூராட்ல ஒரு மாதிரி. மூஞ்சி என்னுது. போதாதா?"

"அண்ணே, இது உங்க பேர தப்பா போட்டது இல்ல. இது பக்கத்து வீட்டு அக்கா பேரு" என்றார் அக்கா.

அவர் கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆய்யோ" என்றார்.

அந்த நேரத்தில்தான் பதினேழாம் வீட்டு அம்மா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் நேரே வந்திருக்கிறார். கையில் பிளாஸ்க்கும் துணிப்பையும். தலைவரிடம் போய், "எனக்குக் கார்டு இல்லியாங்கண்ணே?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது. சண்டை இல்லை அந்தக் குரலில், கிடைக்காது என்று தெரிந்தே கேட்பதுபோல் இருந்தது.

தலைவர் பட்டியலைப் புரட்டினார். "நீ படம் எடுக்க வரலியேம்மா. நாளைக்கு லிஸ்ட்ட அனுப்பணும். ஆளு இல்லன்னா நான் என்னா பண்ண முடியும்?"

"வரல" என்றார் அக்கா. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பும்படி சத்தமாக இருந்தது அது. நான் அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்று ஒரு நாள்தான். "வரலண்ணே. இல்லன்னு யாரு சொன்னா?"

 அக்கா தலைவர் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார். அறுபத்திரண்டாம் பெயருக்கு மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. குடைக்காரப் பெரியவர் அந்தப் பக்கத்துப் பெஞ்சில்தான், தலைவருக்கு நேர் எதிரே, குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"இவரு உங்க கண்ணு முன்னுக்குத்தானே உக்காந்து படம் எடுத்தாரு? இவரையும் அடிச்சிட்டீங்களே."

"கம்ப்யூட்டர்ல இல்லன்னு சொன்னாங்க லா" என்று முனகினார் தலைவர்.

இதற்கு மேல் சும்மா நிற்க என்னால் முடியவில்லை. "கம்ப்யூட்டர் சொல்லல, நான்தான் சொன்னேன்" என்றேன். பிறகு அந்த அம்மாவிடம் போய், "உங்க நாற்காலிய அழிச்சது நான்தாங்கம்மா. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "என்னா நாற்காலி? எனக்குப் பேத்தி பொறந்திருக்கும்மா" என்று பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். நான் அழுதுவிட்டேன். அழுததற்கு இன்றும் வெட்கப்படவில்லை.

அக்கா அந்த நீல நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். விரிப்பு கிடைக்கவில்லை, வெறும் சுவரிலேயே எடுத்தார். அந்த அம்மா பிளாஸ்க்கைக் கீழே வைக்க மறந்துபோய் மடியிலேயே வைத்திருந்தார், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பதினெட்டிலிருந்து கடைசி வரை பழைய கார்டுகளைத் திரும்ப வாங்கினோம். கடைக்கு வந்து நான் கார்டு அடிக்க, அக்கா ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டார். கடைசியிலிருந்து ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த நாற்பத்தாறு கார்டும் தோட்டத்துக்குப் போயின. சனிக்கிழமை குலுக்கலில் குடைக்காரருக்கு மூலை வீடு விழுந்ததாம். அந்த அம்மாவுக்கு எது விழுந்தது என்று தெரியாது, விழுந்தது என்று மட்டும் தெரியும்.

பாஸிடம் அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஸ்கிரிப்டில் நான்கு வரி கூட்டினார், அவ்வளவுதான். இனிமேல் பெயர் வைப்பதற்கு முன்னால் அது பட்டியலில் எத்தனை பேர், படம் எத்தனை என்று எண்ணும். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு படத்தையும் தொடாமல் நின்றுவிடும். நின்று, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி கேட்கும். Naarkaali enge? முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது என் காது சூடானது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெம்பானில் தங்கை வீடு பூட்டியிருந்தது. ஜொகூருக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர், சிங்கப்பூரில் வேலை என்றார் இன்னொருவர், கல்யாணம் ஆகிவிட்டது என்றார் சாப்பாட்டுக் கடைக்காரர். எதையும் நம்ப முடியவில்லை. நோட்டை எடுத்துப் போயிருந்தார். கறுப்புப் பேயை பாஸ் மாற்றச் சொன்னபோது, மாற்றுவதற்கு முன்னால் நான் செய்த ஒரே காரியம் அந்த ஸ்கிரிப்டை ஒரு பிளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டதுதான்.

அதற்கப்புறம் நான் வேலை பார்த்த இடமெல்லாம் அது என்னோடு வந்தது. பிளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து வேறு எதற்கோ. பாஸ் மகளின் கல்யாணத்தில் கடையின் பழைய ஆட்களெல்லாம் கூடினோம். கடையில் சேர்ந்த வரிசையில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்தேன், கடைசியில் என்னைப் பாஸ் எடுத்தார். வீட்டுக்கு வந்து, அதே வரிசைப்படி பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதினேன். முதலில் பாஸ், கடைசியில் நான். ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது திரை நின்றிருந்தது. பட்டியலில் ஒன்பது, படம் எட்டு. Naarkaali enge?

யாரை விட்டுவிட்டேன் என்று பட்டியலை மேலிருந்து பார்த்தேன். இரண்டாவது வரியில் அக்காவின் பெயரை நானே எழுதியிருந்தேன். அந்த வரியை அழித்தால் எட்டுக்கு எட்டு சரியாகிவிடும், ஸ்கிரிப்ட் பேசாமல் ஓடும். ஒரு விசையைத் தட்டினால் போதும்.

சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டேன். கேமராவில் பார்த்தபோது கொஞ்சம் கோணலாக இருந்தது, எழுந்து போய் நேராக்கினேன். படம் எடுத்து, பாஸ் படத்துக்கு அடுத்ததாகச் சேர்த்து, திரும்பவும் ஓடவிட்டேன். அது 002 என்று பெயர் வாங்கிக்கொண்டு உள்ளே போனது.